அரிய பேஸ் கிதார்கள்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

திரைப்படப் பாடல் ஒன்றைக் கேட்கும்போது நம் காது முதலில் பாடகரின் குரலைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்துப் புல்லாங்குழலையும் வயலினையும் தேடிப் போகிறது. இவற்றுக்கெல்லாம் அடியில், வீட்டுக்கு அஸ்திவாரம் போல, கனத்த நாதம் ஒன்று நடந்துகொண்டே இருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? இளையராஜாவின் பாடல்களை நல்ல ஒலிபெருக்கியில் கேட்ட நண்பர்கள் அந்நாதத்தை அறிவார்கள். அதை எழுப்பும் கருவியே பேஸ் கிதார். அதை வாசிக்கும் முறை பற்றி நான் இங்கு எழுதப் போவதில்லை. ஆலைகளில் வரிசையாகச் செய்யப்பட்டும் இன்று கிடைத்தற்கரியவையாகிவிட்ட சில பேஸ் கிதார்களைப் பற்றியும், அவற்றைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கி வைத்துப் போற்றுவோரின் விசித்திர விதிகளைப் பற்றியும் எழுத விழைகிறேன். என்னிடம் ஒரு பேஸ் கிதாரும் இல்லை. அதனால் என்ன? நிலவை ரசிப்பவன் நிலவை விலைக்கு வாங்கியா ரசிக்கிறான்!

முதலில் சிறிது இயற்பியல். கலைப்பிரிவு நண்பர்கள் பொறுத்தருள்க. இழுத்துக் கட்டிய கம்பியின் சுருதி அதன் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை ஆகிய மூன்றையும் பொறுத்தது. சாதாரணக் கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு 82.4 முறை அதிர்கிறது. பேஸ் கிதாரின் தாழ்ந்த கம்பி அதில் சரிபாதி, அதாவது 41.2 முறை. மற்ற இரண்டையும் மாற்றாமல் சுருதியை மட்டும் பாதியாக்க வேண்டுமானால் கம்பியின் நிறையை நான்கு மடங்காக்க வேண்டும். ஆகவேதான் எஃகுக் கம்பியின்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றிக் கனமாக்குகிறார்கள், கழுத்தையும் நீட்டுகிறார்கள். ஃபெண்டர் நிறுவனத்தின் கிதாரில் அதிரும் நீளம் 25½ அங்குலம். அதே நிறுவனத்தின் பேஸ் கிதாரில் 34 அங்குலம். இந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுவது பிக்கப் என்னும் உறுப்பு. அது வேறொன்றுமில்லை, காந்தத்தைச் சுற்றிக் கட்டிய செப்புக் காயில். அதன் மேலே எஃகுக் கம்பி அசைந்தால் காயிலில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த ஃபாரடே விதிதான்.

இக்கருவியை உலகெங்கும் பரப்பிய பெருமை லியோ ஃபெண்டருக்கு உரியது. கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரில் 1938-இல் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தவர் அவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர் என்பதுதான் வேடிக்கை! அதுவரை தாழ்ந்த சுருதிக்கு ஆளுயரத்தையும் விஞ்சும் டபுள் பேஸையே நம்ப வேண்டியிருந்தது. அதைச் சுமந்து செல்வதும் சிரமம். மெட்டுகள் இல்லாததால் சுருதி பிசகாமல் விரலை வைப்பதும் சிரமம். 1951-இல் ஃபெண்டர் வெளியிட்ட கருவியோ தோளில் மாட்டிக்கொள்ளக் கூடியது; வீணையைப் போல் மெட்டுகள் உடையது. மெட்டில் விரல் வைத்தால் சுருதி துல்லியமாகப் பேசும். எனவே துல்லியம் என்று பொருள்படும் ‘பிரிசிஷன் பேஸ்’ என்றே அதற்குப் பெயரிட்டார்.

1957-இல் அதன் பிக்கப்பை அவர் இரு துண்டுகளாக்கினார். அதன் நயத்தை நான் மிகவும் வியக்கிறேன். காயில் என்பது கம்பியின் அசைவை மட்டுமா பிடிக்கும்? அறையிலுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். அந்த இரைச்சல் அமெரிக்காவில் நொடிக்கு 60 சுழற்சி, நம் நாட்டில் 50. பேஸின் நான்கு கம்பிகளோ 41.2, 55, 73.4, 98 என்ற அதிர்வெண்கள் கொண்டவை. ஆக, இரைச்சல் அவற்றின் நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது! இரு காயில்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்தங்களின் துருவங்களையும் மாற்றி வைத்தால், இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கம்பியின் ஓசை மட்டும் நிற்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் பழகிய கை அது.

மின்சார பேஸ் கிதாரை முதலில் செய்தவர் ஃபெண்டர் அல்லர். 1930-களின் நடுவிலேயே சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர் ‘ஆடியோவாக்ஸ் 736’ என்ற பெயரில் மெட்டுகளுடன் ஒன்றைச் செய்து விற்றார். விற்றார் என்றேனே தவிர, வாங்கியவர்கள் சிலரே. இன்று எஞ்சியிருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு கைவினைஞர் ஒருவருக்காக ஒன்றே ஒன்று செய்து கொடுத்தால் அது அரிதாயிருப்பதில் வியப்பில்லை. அச்சு வைத்து, அறுவை எந்திரம் வைத்து, ஆலையில் வரிசையாகச் செய்த பொருள் எப்படி அரிதாகும்? பெரும்பாலும் அக்காலத்தில் விலை போகாததால்தான்! வாங்க ஆளில்லை, ஆகவே ஆலை நிறுத்திவிட்டது, ஆகவே இன்று குறைவு. நேற்றைய தோல்வி இன்றைய பொக்கிஷமாகும் விந்தையை இந்தத் துறையில் அடிக்கடி காணலாம்.

இதற்கு எடுத்துக்காட்டாக 1965-இல் வந்த ‘ஃபெண்டர் பேஸ் ஃபைவ்’ என்பதைச் சொல்வேன். நான்கு கம்பிகளுக்கு மேலாக ஐந்தாவதாக ஓர் உச்சக் கம்பியைச் சேர்த்தார்கள். ஆனால் மெட்டுகள் இருபதிலிருந்து பதினைந்தாகக் குறைந்தன. ஏன்? ஒவ்வொரு மெட்டும் ஓர் அரைச்சுரம். புதிய கம்பி பழைய உச்சக் கம்பியைவிட ஐந்து அரைச்சுரம் மேலே. எனவே அதில் பதினைந்தாம் மெட்டும், பழைய கம்பியில் இருபதாம் மெட்டும் ஒரே சுரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டிலும் ஏறத்தாழ 311 அதிர்வுதான் வரும். கையைக் கழுத்தில் மேலும் கீழும் ஓட்டாமல் எல்லாச் சுரங்களையும் எட்டலாம் என்பது திட்டம். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆயினும் ஒரே கழுத்தில் ஐந்து கம்பிகள் நெருங்கி நின்றதால் விரலுக்கு இடமில்லை. பார்வைக்கும் உடலும் கழுத்தும் பொருந்தாத ஒரு தோற்றம். அதைவிட முக்கியமாக, வித்துவான்களுக்கு மேலே போக ஆசையில்லை; கீழே போகத்தான் ஆசை. பிற்காலத்தில் பரவலாகிய ஐந்து கம்பி பேஸ்களில் கூடுதல் கம்பி அடியில்தான் சேர்ந்தது, நொடிக்கு 30.9 அதிர்வு என்ற கணக்கில். பேஸ் ஃபைவ் 1970-இல் நின்றுபோயிற்று. அப்போது கடைகளில் சீண்டுவாரின்றிக் கிடந்ததை இப்போது தேடி அலைகிறார்கள்.

ஆம்பெக் நிறுவனம் 1966-இல் செய்த பேஸ் இன்னொரு விதம். தலைப்பகுதியில் வயலினைப் போன்ற சுருள். உடலிலோ இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியுமாறு வெட்டிய இரண்டு துளைகள். அதன் ஒரு வகையில் மெட்டுகளே கிடையாது. ஆலையிலிருந்து வரிசையாக வந்த முதல் மெட்டில்லா பேஸ் கிதார் அதுவே என்பர். நரம்புக் கம்பிகளையும் கட்டலாம் என்று வேறு விளம்பினார்கள். நரம்பு காந்தத்துக்கு அசையாதே என்று இயற்பியல் நண்பர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. கம்பியின் அதிர்வை நேரே பிடிக்காமல், கம்பியைத் தாங்கும் குதிரையின் அடியில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை வைத்து, அத்தகட்டின் அதிர்வைக் கீழிருந்த காயில் பிடிக்குமாறு செய்தார்கள். யோசனை அருமை, ஓசை அவ்வளவு எடுப்பாக இல்லை. பின்னர் வழக்கமான பிக்கப்புக்கே திரும்பினார்கள். இதே நிறுவனம் 1969-இல் கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் அக்ரிலிக் உடலில் ஒன்று செய்தது. 1971-உடன் அதுவும் முடிந்தது.

கிப்சன் நிறுவனத்தின் ‘தண்டர்பேர்டு’ 1963-இல் பிறந்தது. அதை வரைந்தவர் ரே டீட்ரிக் என்னும் கார் வடிவமைப்பாளர். பறவை இறக்கை விரித்ததைப் போன்ற அந்தத் தோற்றத்துக்கு ஈடான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் கழுத்தும் உடலின் நடுப்பாகமும் ஒரே நீள மரமாக ஓடுவதால் செய்வதற்குச் செலவு அதிகம். பின்னால் சாய்ந்த தலை கீழே விழுந்தால் முறிந்துவிடும். 1965-இல் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். முறியாத தலையுடன் கூடிய முதல் வடிவம் கிடைப்பது எவ்வளவு அருமை என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

1965 என்ற ஆண்டு இத்துறையில் ஓர் எல்லைக்கல். அவ்வாண்டு ஜனவரியில் லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற பெருநிறுவனத்துக்கு 130 லட்சம் டாலருக்கு விற்றார். அதற்கு முன் செய்தது, பின் செய்தது என்றே விலை பிரிகிறது. ஆகவே ஒரு கருவி எந்த ஆண்டுக்குரியது என்று துப்பறிவது பெரிய கலை! கழுத்தைக் கழற்றினால் அடியில் பென்சிலாலோ முத்திரையாலோ தேதி இருக்கலாம். உள்ளே வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் எண்கள் இருக்கும். 1376542 என்று இருந்தால், 137 என்பது அதைச் செய்த சி.டி.எஸ். நிறுவனம், 65 ஆண்டு, 42 வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் நிறுவனம். ஆனால் இது கருவி பிறந்த தேதியன்று. இதற்கு முன் பிறந்திருக்க முடியாது என்பதற்கு மட்டுமே சான்று. 1966-ஆம் ஆண்டு எண்ணிட்ட கண்ட்ரோல்களை ஃபெண்டர் ஆலை மொத்தமாக வாங்கிப் போட்டு, பல ஆண்டுகள் பொருத்திக்கொண்டிருந்தது.

விரற்பலகையின் மரமும் பேசும். பழையவற்றில் பிரேசில் நாட்டு ரோஸ்வுட். 1960-களின் பிற்பாதியிலிருந்து இந்திய ரோஸ்வுட் இடம்பிடித்தது. இந்திய ரோஸ்வுட் வேறு எதுவுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரமே! பிரேசில் மரத்துக்கு 1992-இல் உலகளாவிய வணிகத் தடை வந்தது. அதனால் அப்பலகை கொண்ட பழைய பேஸை விற்பதற்காக நாடு கடத்த வேண்டுமானால் கருவிக்கே அனுமதிச் சீட்டு வேண்டும்.

இனி அந்த விசித்திர விதிக்கு வருகிறேன். சேகரிப்போர் கேட்கும் முதல் கேள்வி, “எல்லாம் ஒரிஜினலா?” என்பதுதான். திருகாணி மாறியிருக்கக் கூடாது. ஈயப் பற்று உருகியிருக்கக் கூடாது. வண்ணம் உரிந்திருக்கலாம், ஆனால் மறுபடி பூசியிருக்கக் கூடாது. மறுவண்ணம் பூசினால் விலை பாதியாகிவிடும் என்பது வணிகர்களின் பொது வழக்கு. பிக்கப் காயில் அறுந்து புதிதாகக் கட்டியிருந்தால் அதற்கும் ஒரு கழிவு உண்டு.

இதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. காரணம், என் தந்தையார் மோட்டார் காயில் கட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாசல்வரை என்னைக் கொண்டுவந்தது கிணற்று மோட்டார்களிலும் மின்விசிறிகளிலும் அவர் கட்டிய காயில்தான். சென்ற ஆண்டுத் திருவிழாச் சமயத்தில் மெல்லிசைக் குழு வாசிப்பவர் ஒருவர் ஊமையாகிவிட்ட பேஸுடன் எங்கள் கடைக்கு வந்தார். “ஏனுங்ணா, இதைச் சரி பண்ண முடியுங்களா?” என்று கேட்டார். அப்பா பிக்கப்பைக் கழற்றிப் பார்த்து, “கம்பி அறுந்திருச்சுங்க. கட்டிக்கலாம், நாலு நாள் ஆகும்” என்றார். மின்விசிறிக் கம்பியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும் கம்பி அது, 46 கேஜ். தலைமயிரைவிடச் சற்றே மெலிது. நகரத்திலிருந்து தருவித்து, கைச்சுற்று மெஷினில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பல ஆயிரம் சுற்றுச் சுற்றினார். இரண்டு முறை அறுந்தது. மூன்றாம் முறை மல்டிமீட்டரை வைத்து நான்தான் அளந்தேன்: ஏறத்தாழ 7,500 ஓம். அன்று மாலை கடைக்குள்ளேயே அந்த பேஸ் பேசியது. தகர ஷட்டர் அதிர்ந்தது. மேலைநாட்டில் இப்படிக் காயில் கட்டினால் விலை குறைந்துவிடும் என்று நான் சொன்னபோது அப்பா சிரித்தார். “கம்பி அறுந்த காயில் ஊமைடா. ஊமையா வெச்சுக்கறதுக்கா அத்தனை காசு குடுக்கறாங்க?” என்றார்.

சேகரிப்போர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசி ஒரிஜினலையும் திருத்திவிட்டால், 1957-இல் ஃபெண்டர் என்ன செய்தார் என்பதை எதை வைத்து அறிவது? கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தால் நமக்கு நெஞ்சு பொறுக்குமா? ஆயினும் அவர்களது விதியை அவர்களே மீறுவதையும் பார்க்கிறோம். ஜாகோ பாஸ்டோரியஸ் என்னும் மேதை 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் ஒன்றின் மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, படகுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசி வாசித்தார். பிறகு அது துண்டு துண்டாக உடைந்து ஒட்டப்பட்டது. 1986-இல் நியூயார்க்கில் களவு போனது. 2010-இல் மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோவின் உதவியால் மீட்கப்பட்டது. ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசில், உடைந்த ஐந்து பிரிசிஷன்களின் உறுப்புகளைத் திருப்புளியும் பற்றுக்கோலும் கொண்டு ஒன்றாக்கி, ‘பிராங்கன்ஸ்டைன்’ என்று பெயரிட்டு வாசித்தார். 2002-இல் அவர் மறைந்தபின், 2003-இல் லண்டனில் சோத்பீஸ் நிறுவனம் அவர் சேகரிப்பை ஏலம் விட்டபோது அந்த ஒட்டுக் கருவி 62,400 பவுனுக்குப் போயிற்று. ஒரே கருவியில் ஐந்து கருவிகளின் உறுப்புகள்! ‘எல்லாம் ஒரிஜினலா’ என்று அன்று யார் கேட்டார்கள்?

இன்னொரு செய்தி என் தந்தையாரை அதிகம் கவர்ந்தது. 1956-இல் ஃபெண்டர் ஆலையில் சேர்ந்து, பிக்கப் காயில் கட்டுவதிலேயே புகழ்பெற்று, 2013-இல் ஓய்வு பெற்றவர் அபிகேல் இபாரா என்ற பெண்மணி. அவர் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும் பிக்கப்பைச் சேகரிப்போர் தனியே தேடி வாங்குகிறார்கள். ஆலையில் காயில் கட்டியவரின் கைக்கும் ஒரு விலை! இதை நான் படித்துச் சொன்னபோது அப்பா கையிலிருந்த வேலையை நிறுத்தாமலேயே, “அந்தம்மா ஒரு நாளைக்கு எத்தனை காயில் கட்டுவாங்களாமா?” என்று கேட்டார்.