கறையும் மறுவும் வடுவும்: ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் வேறுபாடு

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கும் பயிற்சியில், அருஞ்சொல்லைக் கண்ட மாணவர் அகராதியை நாடுவர். எளிய சொல்லைக் கண்டாற் கைபோன போக்கில் எழுதிவிடுவர். பிழைகள் பெரும்பாலும் எளிய சொற்களிலேயே நேர்கின்றன. ஒரு பரப்பின்மீது காணப்படும் அடையாளங்களைக் குறிக்குஞ் சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும். ஸ்பொட், ஸ்மியர், ஸ்மட்ஜ், ஸ்டெயின், பிளொட், டார்னிஷ், பிளெமிஷ், ஸ்கார் ஆகிய எட்டினையும் ‘கறை’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிட்டு அமைதியுறுவோர் பலர். இவற்றை வேறுபிரித்து அறிதற்கு ஒரு வினாப் போதும்: அவ்வடையாளம் பரப்பின் மேலே படிந்துள்ளதா, உள்ளே ஊறியுள்ளதா, அன்றிப் பரப்புத்தானே மாற்றமுற்றதா?

இவ்வினாவுக்கு முன்னர் நிற்பது ஸ்பொட். அது வடிவையும் அளவையும் மட்டுமே சுட்டும். சிறிதாயும் எல்லை தெளிந்ததாயும் உள்ள புள்ளி எதுவும் ஸ்பொட் ஆகும். சிறுத்தையின் உடலிலுள்ளதும் அதுவே. வேட்டியிலே தெறித்த குழம்புத் துளியும் அதுவே. நன்மை தீமை அச்சொல்லில் இல்லை. சேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில், ஐந்தாம் அங்கத்து முதற் களத்திலே, உறக்கத்தில் நடந்துவரும் மக்பெத் சீமாட்டி தன் கையில் இருப்பதாக எண்ணி அகற்ற முயல்வதைக் கவிஞர் இச்சொல்லாலேயே குறித்தார். கொலைக்குடந்தையாய் நின்ற கையில் எஞ்சியதாகத் தோன்றுவது ஒரு சிறு புள்ளி, அதுவும் நீங்கவில்லை. அதன் சிறுமையே எமக்கு அச்சத்தை மிகுவிக்கின்றது.

மேலே படிவனவற்றுள் ஸ்மியர், ஸ்மட்ஜ் என்பன முதன்மையானவை. நெய், சேறு போன்ற ஒட்டும் பொருள் இழுபட்டுப் பரவினால் ஸ்மியர்; உலராத எழுத்தின்மீது கைபட்டு அது மங்கினால் ஸ்மட்ஜ். ஸ்மியர் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. பூசப்பட்டது எனின் பூசியவர் ஒருவர் இருத்தல் வேண்டும். அதனாலேயே, ஒருவர்மீது பிறர் சுமத்தும் பொய்ப்பழியை ஆங்கிலேயர் இச்சொல்லாற் குறிப்பர். ‘சேறு பூசுதல்’ என்னும் எமது வழக்கு இதற்கு முற்றும் பொருந்துவதாகும்.

உள்ளே ஊறுவது ஸ்டெயின். தமிழில் ‘கறை’ எனத் தயங்காது எழுதத்தக்கது இதுவொன்றே. வாழைக்காய் சீவும்போது வடியும் பால் துணியிற்படின் முதலில் நிறம் தெரிவதில்லை. பின்னர் அதிலுள்ள தனின் முதலிய பொருள்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கருமையுறுகின்றன. அப்போது நிறம் நூலின்மேல் இல்லை, நூலோடு ஒன்றிவிட்டது. வெற்றிலைக் கறையும் மஞ்சட் கறையும் இத்தகையனவே. இச்சொல்லின் வரலாறும் வியப்புடையது. நிறத்தை நீக்குதல் என்னும் பொருள்கொண்ட பழைய பிரெஞ்சுச் சொல்லினின்றும் பிறந்த இது, இன்று நிறம் ஏறுதலையே குறிக்கின்றது.

கறை என்றவுடன் இழிவு என்று கொள்ளுதலும் தவறாகும். தச்சர் மரத்துக்கு ஊட்டும் சாயமும் ஸ்டெயின் எனப்படும். டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிராம் என்பார் 1884ஆம் ஆண்டில் வெளியிட்ட சாயமூட்டும் முறையும் இப்பெயரே பெற்றது. அம்முறையில், ஊதாச் சாயத்தைப் பற்றிக்கொள்ளும் பற்றீரியாக்களும் அதனை விட்டுவிடும் பற்றீரியாக்களும் இருவேறு வகுப்புகளாகப் பிரிந்து தோன்றும். மருந்தைத் தெரிவதற்கு இன்றும் மருத்துவருக்கு அது துணைபுரிகின்றது. எமது சமயத்திலோ, உலகைக் காத்தற்பொருட்டு நஞ்சுண்ட பெருமானின் மிடற்றிலுள்ள கறை அடியார்க்கு அணியாகவே தோன்றுகின்றது.

பிளொட் என்பது மையோடு பிறந்த சொல் எனலாம். தாளில் விழுந்து பரந்த மைத்துளியே அது. மைக்கூட்டில் தொட்டெழுதிய காலத்து மாணவர் இதனை நன்கறிவர். நற்பெயருடைய ஒருவன் ஒருகாற் தவறின், ‘தன் கொப்பியில் மை சிந்தினான்’ என்பது ஆங்கில மரபு. ஏனைய பக்கங்கள் தூயன என்னும் குறிப்பு அம்மரபினுள் அடங்கியிருத்தல் நோக்கத்தக்கது.

இனி, பரப்புத்தானே மாறுவன. வெள்ளிக் குத்துவிளக்கு, காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளாற் கருமையுறுதல் டார்னிஷ். துலக்கினால் ஒளி மீளும். இரும்பை அரிக்கும் கறள் இதனின் வேறானது. முழுமையுடைய ஒன்றிற் காணப்படும் சிறு குறை பிளெமிஷ். அதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் ‘மறு’. உயர்குடிப் பிறந்தாரது குற்றம் பலருக்கும் புலனாதலை விளக்க வந்த வள்ளுவர், திங்களின் மறுவையே உவமையாக்கினார். நிலவு ஒளியுடையதாதலின் அன்றோ மறுத் தெரிகின்றது! ஸ்கார் என்பது வடு. ஆறிய புண்ணின் அடையாளம். அதனைக் கறை என்று பெயர்த்தல், துன்புற்றவரைக் குற்றவாளியாக்குவதாகும். சுட்டது தீயாயின் புண் என்றும் நாவாயின் வடு என்றும் வள்ளுவர் வேறுபடுத்தி வைத்தமையும் ஈண்டு நினைத்தற்குரியது.

இவ்வேறுபாடுகள் பரீட்சைத் தாளோடு முடிவன அல்ல. எமது பழைய மாணவருட் பலர் பிறரைக் குறித்து அறிக்கை எழுதும் பொறுப்பிலுள்ளனர். ஆசிரியராகிய நாமோ ஆண்டுதோறும் நற்சான்றுப் பத்திரம் எழுதுகின்றோம். பதினைந்து வயதில் ஒருமுறை சச்சரவிற் சிக்கிய மாணவன் ஒருவனைப் பற்றிப் பிளொட் என்று எழுதினால், மற்றைப் பக்கங்கள் தூயன என்று படிப்பவர் உணர்வர். ஸ்டெயின் என்று எழுதினால், அது அவன் இயல்பிலேயே ஊறியது என்று கொள்வர். அச்சச்சரவே பிறர் கட்டிய கதையாயின், உண்மையில் நிகழ்ந்தது ஸ்மியர். பழி பூசியவரையே சாரும். அவனை நேரிற் காணாத ஒருவர், அந்த ஒரு சொல்லைக் கொண்டே அவனுக்குத் தொழில் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு செய்வார். ஆதலின், எம்மொழியில் எழுதினும், ஒருவர்மேல் ஓர் அடையாளத்தை இடுமுன் மேலே கூறிய வினாவைக் கேட்டுத் தெளிந்து எழுதுதல் எமது கடனாகும்.