படகின் வயிற்றில் ஒரு தொட்டி: ஏன்? எப்படி?

ஹைதராபாத்தின் உசேன் சாகர் ஏரியில் பந்தயம் ஓடும் சிறு பாய்மரப் படகுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி தேவையில்லை. ஆனால் அதே ஊரின் ஐஸ்வர்யா பொட்டபாட்டி உட்பட ஆறு பெண் கடற்படை அதிகாரிகள் 2017இல் உலகைச் சுற்றக் கிளம்பிய 'தாரிணி' போன்ற கடலோடும் பாய்மரப் படகுகளில் குடிநீர்தான் உயிர்.

பல படகுகளில் தொட்டியை அடியில் வைத்த பிறகே மேல்தளத்தைப் பொருத்துகிறார்கள். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. அந்தப் பாரம் தாழ்வாக இருந்தால் படகு நிலையாக நிற்கும். ஆனால் தொட்டி பழுதானால் வெளியே எடுக்க முடியாது: அது படகின் வாசலைவிடப் பெரிது!

நீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, அங்கேயே துண்டு துண்டாக அறுப்பது ஒரு வழி. உள்ளே தடுப்புத் தகடுகள் குறுக்கிடும். நீர் ஒரே பக்கம் பாய்ந்து படகைச் சாய்க்காமல் காப்பவை அவை. ரம்பம் படகின் உடலில் படவே கூடாது. புதிதாக வைப்பதென்றால், வாசலில் நுழையும் இரண்டு சிறு தொட்டிகளாக வையுங்கள்.