மண்டையோட்டுக்குப் பின்னால் ஒரு மெட்டு

சாவகச்சேரி வாசகர் ஒருவர் மனக்குறையோடு எழுதியிருக்கிறார். மகன் மண்டையோடு போட்ட கறுப்பு ரீசேர்ட்டோடு திரிகிறானாம், அறைக்குள் ஒரே இரைச்சலாம். இதுவும் ஒரு சங்கீதமா என்று கேட்கிறார்.

சங்கீதந்தான். அந்த மண்டையோடு 1946இல் வந்த 'த கிரிம்சன் கோஸ்ற்' என்ற அமெரிக்கத் தொடர்படத்து வில்லனின் முகமூடி. அதைச் சின்னமாக்கிக்கொண்டவர்கள், 1977இல் நியூ ஜேர்சியின் லோடை என்ற சிற்றூரில் கிளென் டான்சிக் தொடங்கிய மிஸ்ஃபிற்ஸ் குழுவினர். பேய்க்கதைகளைப் பாட்டாக்கும் ஹொரர் பங்க் என்ற இசைவகைக்கு வழி திறந்தவர்கள். இன்று சின்னம் பாட்டை முந்திவிட்டது. சட்டை வாங்குகிறவர்களில் எத்தனைபேர் பாட்டைக் கேட்டிருப்பார்கள் என்பது சந்தேகமே.

கேட்டால் முதலில் கிற்றார் அறுவைவாள்போல் இரையும், டிரம்ஸ் துரத்தும். 1982இல் வந்த 'வோக் அமங் அஸ்' தட்டில் 13 பாடல்கள், எல்லாம் சேர்த்தே சுமார் 25 நிமிடந்தான். சொற்களில் பிணமும் பேயும் வேற்றுக்கிரகவாசிகளும். ஒரு பாட்டுக்கு 1968இல் வந்த பிணப்படத்தின் பெயரே தலைப்பு. ஆனால் கிற்றாரை விலக்கிவிட்டு மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். அது 1950களின் காதல் பாட்டு! எல்விஸ் பிறெஸ்லியின் வழியில் வந்த கனத்த, குழைகிற குரல். பல பாட்டுகளில் பல்லவி வந்ததும் எல்லாரும் சேர்ந்து 'ஓ...ஓ' என்று இழுப்பார்கள். அந்த இடத்தில் பாடத் தெரியாதவனும் பாடகனாகிவிடுவான். இந்தக் குழுவின் கவர்ச்சி முழுக்க அங்கேதான் இருக்கிறது என்பேன். இத்தனைக்கும் அவர்களின் முதல் இசைத்தட்டில் கிற்றாரே இல்லை, மின்பியானோதான்.

காத்தவராயன் கூத்துப் பார்த்து வளர்ந்த எனக்கு, பயங்கரத்தை இனிய மெட்டில் பாடுவது புதினமில்லை. அவன் கழுமரம் ஏறுகிற கட்டத்திலும் சிந்து மெட்டு இனிமையாகத்தான் போகும். சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டே கூடப் பாடும். விடியவிடியக் கோயில் வீதியில் ஆடிய அந்தக் கூத்தைப் போட்டி மேடைக்காகச் சில நிமிடங்களாக நறுக்கியவர்கள் நாங்கள். பிள்ளைகள் பயத்தையும் பாட்டையும் லோடையில் போய்த் தேடுகிறார்கள் என்று குறைப்படுவது என்ன நியாயம்?

குழு 1983இல் பிரிந்தது. 1987இல் மெற்றாலிக்கா குழு இவர்களின் இரண்டு பாட்டுகளை எடுத்துப் பாடிய பிறகு புதிய காதுகள் திரும்பின. அதே ஆண்டில், உருக்கத்துக்குப் பேர்போன றோய் ஓபிசன் பாட, டான்சிக் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். 1994இல் பாடகர் ஜொனி காஷும் அவர் எழுதிய ஒன்றைப் பாடினார். வாசகர் மகனின் அறைக்குள் போவதற்கு முன் அந்த இரண்டையும் கேட்கலாம்.