புற்றுக்குள்ளே ஒரு தோட்டம்!

குழந்தைகளே, திருவண்ணாமலையில் மலையடிவாரக் காட்டுப் பக்கம் போனால் மண் புற்றுகளைப் பார்த்திருப்பீர்கள். புற்று என்றதும் பாம்புதான் ஞாபகம் வருகிறதா? பாம்பு பின்னால் குடிவருவது, கட்டியது கறையான்! உள்ளே அது காளான் தோட்டமே போட்டிருக்கிறது.

மரத்தையும் சருகையும் கறையானால் தனியாக முழுதும் செரிக்க முடியாது. அவற்றைத் தின்று, கழிவைப் பஞ்சு போல அடுக்கி, அதில் பூஞ்சை வளர்க்கும். பூஞ்சை பக்குவமாக்கித் தருவதைச் சாப்பிடும். மனிதன் விவசாயம் கற்றுச் சுமார் 10 ஆயிரம் ஆண்டுகள். கறையானோ சுமார் 3 கோடி ஆண்டு விவசாயி!

மழை பெய்ததும் புற்றில் குடை விரிக்கும் புற்றுக்காளான், அந்தப் பூஞ்சையிலிருந்து வருவதுதான். ஆனால், பார்ப்பதற்கு அதே மாதிரி விஷக் காளான்களும் உண்டு. பெரியவர்களே ஏமாந்துவிடுவார்கள். எனவே, காட்டுக் காளானைக் கண்ணால் ரசியுங்கள்; வாயில் வைக்காதீர்கள். புற்றையும் இடிக்காதீர்கள். அது ஒரு விவசாயியின் வீடு!