கூறையை வெட்டலாமா?

வெள்ளவத்தையில் வீட்டோடு இருந்து தைக்கிற எங்களைப் போன்றவர்களிடம் துண்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. சாரிச் சட்டை தைத்து மிஞ்சிய ஓரம், பள்ளிக்கூட யூனிபோர்மில் கழித்த வெள்ளை, திரைச்சீலை முனை என்று மூட்டை மூட்டையாகச் சேரும். போதாவிட்டால் புறக்கோட்டைக்குப் போகலாம். கார்மண்ட் துண்டுகளை நிறுத்தே வாங்கலாம். ஆனால் "எங்கட குடும்பத்துக்கெண்டு ஒரு ஒட்டுப்போர்வை தைச்சுத் தாங்கோ" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, யாருடைய துணியெல்லாம் வீட்டில் இருக்கிறது என்றுதான். அங்கேதான் பலர் யோசிக்கத் தொடங்குவார்கள்.

பழந்துணி வைத்திருக்கும் வழக்கம் எங்களிடம் குறைவு. ஒருவர் கண்மூடினால் அவருடைய உடுப்பை யாருக்காவது கொடுத்துவிடுவோம். மிஞ்சியதை 1983 ஜூலையில் வீட்டோடு சேர்த்து எரியக் கொடுத்தவர்கள் கொழும்பில் எத்தனையோ பேர். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் நெருக்கியடித்துக்கொண்டு போனபோது, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை இவைதான் கையில் இருந்தன. கல்யாண அல்பம் அலுமாரியிலேயே கிடந்தது. ஆனால் அந்த உறுதியைச் சுற்றிக் கட்டிய சீலை தப்பியது.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படியொரு சீலையைக் கண்டேன். ஊதா நிற நைலெக்ஸ். கிளாலி, வவுனியா, பிறகு கொட்டாஞ்சேனை லொட்ஜ் என்று கடதாசிகளைச் சுமந்து வந்தது. வீட்டு அம்மா மேசையில் பட்டுகளை அடுக்கிவிட்டு, "இது உதவாது பிள்ளை, யன்னல் துடைக்க வைச்சிருக்கிறன்" என்று அதை ஒதுக்கினார். போர்வையின் நடுச்சதுரம் அதுதான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பட்டு எல்லா வீட்டிலும் இருக்கிறதே!

அடுத்த வழக்கு கூறை. என் மாமி ஒப்புக்கொள்ளவே இல்லை. "தாலி கட்டின சீலையைத் துண்டு துண்டாக்கினால் தரித்திரம்" என்றார். எங்கள் காலி வீதியில் ஆண்டுதோறும் கட்டின பெரஹெராவில் தலைமேல் வைத்துக் கொண்டுபோகும் பிக்குமாரின் சீவரம் என்ன மாமி, துண்டுகளைப் பொருத்தித் தைத்ததுதானே என்று கேட்டேன். மகத நாட்டு வயல் வரம்புகளைப் பார்த்து அப்படி வெட்டித் தைக்கும்படி புத்தர் ஆனந்தருக்குச் சொன்னதாக விநய நூலில் இருக்கிறது. மாமிக்கு அது போதவில்லை. கடைசியில் ஒரு தையற்காரியின் சமாதானம்தான் எடுபட்டது: சேலையின் இடுப்பில் செருகும் உள்முனையில் வேலைப்பாடு கிடையாது, உடுத்தால் வெளியே தெரியாது. அதில் அரை யார் எடுத்தால் கூறை கூறையாகவே இருக்கும். ஓரம் மடித்துத் தைத்து அலுமாரியில் வைத்தாயிற்று.

பழைய பட்டு மடிப்பு விழுந்த இடத்திலேயே கிழியும். ஆகவே மடிப்பை விலக்கி வெட்டி, பின்னால் மெல்லிய கன்வஸ் வைத்து அயன் பண்ண வேண்டும். நைலெக்ஸுக்கு நேரடிச் சூடு ஆகாது. மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வெட்ட முன்னரே நனைத்துக் காயவிட வேண்டும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துச் சாயம் ஒட்டினால், அந்தத் துண்டு எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் வேண்டாம். ஒரு சிவப்புச் சாரம் முழுப் போர்வையையும் கெடுத்துவிடும்.

கணக்கு சுலபம். ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டினால், சுற்றிவரக் கால் அங்குலம் தையலுக்குப் போக ஆறு அங்குலம் தெரியும். பத்து வரிசை அகலம், பதினாலு வரிசை நீளம்: 140 சதுரத்தில் 60க்கு 84 அங்குலம், ஒற்றைக் கட்டிலுக்குத் தாராளம். ஒரு முழுச் சாரியிலேயே 198 சதுரம் எடுக்கலாம் என்பதால் துணி போதாது என்ற கவலையே வராது. என் அனுபவத்தில் கதையுள்ள துண்டு இருபது இருந்தால் போதும். மிச்சம் வெறும் பருத்தி. எல்லாச் சதுரமும் கதை சொன்னால் பார்க்கிறவருக்குத் தலையிடிதான்.

கொழும்பு வெக்கைக்கு நடுவில் பஞ்சு வைப்பது மடத்தனம். பழைய வொயில் சாரி ஒன்றை நடுவில் விரியுங்கள். வங்காளத்துக் கந்தாவும் அப்படித்தான்: நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஊசி ஓட்டுவார்கள். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், ஆபிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைக்கிறார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியால் பூ வைக்காவிட்டால் அவர்களுக்கு அது முடிந்த போர்வை இல்லை. சிலியில் 1973 இராணுவப் புரட்சிக்குப் பிறகு, காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் துணித்துண்டுகளைச் சாக்கில் வைத்துத் தைத்து நடந்ததைப் படமாகச் சொன்னார்கள். சிலர் அந்தப் பிள்ளைகளின் உடுப்பையே வெட்டினார்கள். இதற்கு நான் விளக்கம் எழுதத் தேவையில்லை.

ஹவ்லொக் சிட்டி மாடியிலிருந்து ஒரு பிள்ளை துணிகளோடு வந்தாள். நீ குடியிருக்கிற இடமே ஒரு காலத்தில் துணி ஆலை, 1933இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்த வெள்ளவத்தை மில் அது என்றேன். நம்பாமல் போனில் தேடிப் பார்த்தாள்.

சதுரங்களை மெசினில் பொருத்தலாம். கடற்காற்றுக்கு ஊசி துருப்பிடிக்கும் எங்கள் பகுதியில், உபயோகித்ததும் எண்ணெய் விட்டு மூடிவைப்பது அவசியம். மூன்று அடுக்கையும் சேர்க்கும் தையலை மட்டும் கையால் போடுங்கள், அதுவும் வீட்டார் எல்லோருமாக. ஆளுக்கொரு வரிசை. கண் தெரியாத அம்மம்மாவின் வரிசை வளைந்து போகும், சின்னவனுடையது பல்லுப் பல்லாக நிற்கும். நான் ஒருவர் தையலையும் பிரித்துத் தைப்பதில்லை. பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைத் துண்டில் எந்தச் சதுரம் யாருடையது, எந்த ஊர், எந்த வருடம் என்று நூலால் எழுதிவிட வேண்டும். அடுத்த தலைமுறைக்கு ஊதா நைலெக்ஸ் எதுவென்று யார் சொல்வது?

வைப்பதென்றால் பொலித்தீன் பை ஆகாது, பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். அதைவிட, போர்த்துத் தோய்த்து நிழலில் காயப்போடுவது நல்லது.

ரொறன்ரோவிலிருந்து கேட்கிறவர்களுக்கு நான் மேற்துணியை மட்டும் தைத்து அனுப்புகிறேன். பார்சல் பாரம் குறையும்; அந்தக் குளிருக்கு வேண்டிய பஞ்சும் அங்கே கடையில் கிடைக்கும். "அப்ப மிச்சத்தை நாங்கள் தைக்கோணுமே அக்கா?" என்று போனில் அலுத்துக்கொள்வார்கள். ஓம், ஊசி பிடிக்கத் தெரியாவிட்டால் வீடியோவில் காட்டித் தருகிறேன் என்பேன்.