கட்டையைப் பார்த்து மரத்தைச் சொல்ல முடியுமா?

இலையும் பூவும் கையில் இருந்தால் மரத்தின் பெயரைத் தாவரவியல் மாணவரே சொல்லிவிடுவார். பட்டை உரித்து, சதுரமாக அறுத்து, கன்டெய்னரில் அடுக்கி வந்த கட்டைக்கு? சுங்க அதிகாரி திணறுவது அங்கேதான்.

நம் ஈட்டி மரம், வட இந்திய ஷீஷம், மடகாஸ்கர் ரோஸ்வுட், பிரேசில் ரோஸ்வுட் எல்லாமே டால்பெர்ஜியா என்ற ஒரே பேரினத்தின் பங்காளிகள். பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகத்தை, காட்டுயிர் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1992-லேயே தடுத்துவிட்டது. ஆனாலும் சீனாவில் சிவப்பு மர நாற்காலி, கட்டில்களுக்கு இருந்த மோகம் அடங்கவில்லை. 2005 முதல் 2014 வரை உலகெங்கும் பிடிபட்ட காட்டுயிர்ப் பொருள்களின் மதிப்பில் 35 சதவீதம் ரோஸ்வுட் என்கிறது ஐ.நா. அறிக்கை. யானைத் தந்தம்கூட இதற்குப் பின்னால்தான்.

கட்டையின் குறுக்கு வெட்டுமுகத்தை பிளேடால் சீவி, 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோலத் துளைகள் தெரியும். உயிரோடு இருந்தபோது மரம் தண்ணீர் ஏற்றிய குழாய்கள் அவை. துளைகளின் பருமன், பரவல், இடையில் ஓடும் வெளிறிய கோடுகள் ஆகியவற்றை வைத்து 'இது டால்பெர்ஜியா' என்று சொல்லிவிடலாம். எந்த டால்பெர்ஜியா என்று கேட்டால் பெரும்பாலும் லென்ஸ் கைவிரித்துவிடும். அதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் நிறைமானி வேண்டும். ஒரு சிம்பைச் சூடான வாயுவில் காட்டினால் போதும், அதிலிருந்து கிளம்பும் வேதிப்பொருள்களின் நிறையைக் கருவி சில நொடிகளில் அளந்துவிடும். அமெரிக்காவில் ஆஷ்லாந்து நகரிலுள்ள காட்டுயிர்த் தடயவியல் கூடம் இப்படித்தான் மரத்தை அடையாளம் காண்கிறது. எல்லாத் துறைமுகத்துக்கும் இது கட்டுப்படியாகுமா?

ஆகாது. அதனால்தான் 2016-ல் சைட்டிஸின் ஜோகன்னஸ்பர்க் மாநாடு டால்பெர்ஜியாவின் சுமார் 300 இனங்களையும் ஒட்டுமொத்தமாகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பிரேசில் மரம் தவிர மற்றவற்றுக்குத் தடை இல்லை, ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அவ்வளவுதான். கடத்தலைத் தடுக்க வேறு வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடி விழுந்தது ஷீஷத்தில் பூவேலை செய்யும் சஹாரன்பூர் கைவினைஞர்கள்மேல். வட இந்திய விவசாயிகள் வயலோரத்தில் நட்டு வளர்க்கும் மரம் அது. அதைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி 2019-ல் ஜெனிவா மாநாட்டில் இந்தியா கேட்டது, எடுபடவில்லை. அதே மாநாட்டில் ரோஸ்வுட் கிட்டார் போன்ற இசைக் கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. தலா 10 கிலோவுக்கு உட்பட்ட ஷீஷம் பொருள்களை, மொத்தச் சரக்கின் எடை எவ்வளவானாலும் சீட்டின்றி அனுப்பலாம் என்ற தெளிவு, 2022-ல் பனாமா மாநாட்டில்தான் பிறந்தது. கிட்டார் கம்பெனிக்குக் கேட்ட காது உளிக்காரனுக்கும் கேட்க மூன்று ஆண்டு ஆனது அநியாயம்.

மரத்தை அறியும் நிபுணர்கள் நம்மிடமும் உண்டு. பெங்களூருவில் மர அறிவியல் ஆய்வு நிறுவனமே இருக்கிறது. அந்த வசதியைத் துறைமுகங்களுக்குக் கொண்டுவருவதுதான் அரசு இப்போது செய்ய வேண்டிய வேலை.