புற்றுநோய் வந்தால் படுத்தே கிடக்க வேண்டுமா?

"அசையாமல் படுத்திரு. ஒரு வேலையும் செய்யாதே!"

புற்றுநோய் வந்தவரிடம் வீட்டார் இப்படித்தான் சொல்கிறார்கள். அன்பினால் சொல்லும் வார்த்தை. ஆனால் அது எப்போதும் நன்மை செய்வதில்லை.

படுத்தே கிடந்தால் தசை இளைத்துவிடும். பிறகு நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கும். களைப்பு கூடும். மறுபடியும் படுக்கை! ஆள் நாளுக்கு நாள் நொடிந்து போவார்.

889 பேர்

உடற்பயிற்சியால் ஆயுள் கூடுமா? இதை அறிய ஒரு பெரிய சோதனை நடந்தது. கனடா, ஆஸ்திரேலியா முதலிய 6 நாடுகளில் 889 பேர் அதில் சேர்ந்தார்கள். எல்லோரும் பெருங்குடலில் புற்றுநோய் வந்து, ஆபரேஷனும் மருந்துச் சிகிச்சையும் முடிந்தவர்கள்.

பாதிப்பேருக்கு உடல்நலப் புத்தகம் மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 3 ஆண்டு காலம் ஒரு பயிற்சியாளர் வழிகாட்டினார். பெரிய பயிற்சி அல்ல. வாரத்தில் 3, 4 நாள், முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பது போன்றதுதான்!

2025-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. 8 ஆண்டு கழித்து, பயிற்சி பெற்றவர்களில் 100-க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 83 பேர்.

இது ஒரு வகைப் புற்றுநோயின் கணக்கு. ஆனால் உடற்பயிற்சியால் களைப்பும் மனக்கலக்கமும் குறைவதைப் பல வகைப் புற்றுநோயிலும் டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். நடை, மருந்துக்குப் பதில் அல்ல, மருந்துக்குத் துணை.

எப்படித் தொடங்குவது?

முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். எலும்பில் நோய் பரவியிருந்தால் எலும்பு முறியக்கூடும். பாரம் தூக்கக் கூடாது. காய்ச்சல், தலைசுற்றல், நெஞ்சுவலி இருந்தால் அன்று நடக்க வேண்டாம்.

தொடக்கத்தில் வாசல்வரை 5 நிமிடம் போதும். முடிந்தால் மறுவாரம் கொஞ்சம் கூட்டலாம். முடியாத நாளில் ஓய்வு எடுப்பது தவறில்லை.

மனம் என்ன செய்யும்?

பயம் வரும். கோபம் வரும். அடுத்த பரிசோதனை நெருங்கினால் தூக்கம் வராது. இது கோழைத்தனம் அல்ல. "தைரியமாக இரு" என்று அதட்டினால், அவர் அழுகையை உள்ளே அடக்கிக்கொள்வார். "என்ன பயம்? சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

அவருக்குத் தெரியாமல் கூடிக் கூடிப் பேசாதீர்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்காதீர்கள்.

கீரை ஆய்வது, பூக்கட்டுவது, பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்வது, இப்படி அவரால் முடிந்த வேலையை அவரிடமே விடுங்கள். "நான் இன்னும் வேண்டப்பட்டவன்" என்ற எண்ணம் பெரிய பலம்.

இரண்டு வாரம் ஆகியும் துயரம் தீரவில்லையா? சாப்பாடு, பேச்சு எதிலும் பிடிப்பில்லையா? டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

"நடந்துவிட்டு வா" என்று தனியாக அனுப்பாதீர்கள். வீட்டில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்புங்கள்!